முரளியின் பெயர் வேண்டாம்

பந்தலூர்,
ஆனி 28

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய வம்சாவளிப் படம் கசங்காமல் வந்து சேர்ந்தது. நான்கு தாளையும் ஒட்டி மேசை முழுக்க விரித்து வைத்து, மாமாவும் நானும் ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். இத்தனை பேரை ஒரே இடத்தில் எழுத்தாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை. உன் உழைப்பு பெரிய உழைப்பு அம்மாடி. போனில் பேசினால் பாதி சொல்ல மறந்துபோகும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் பெயரைப் படத்தில் சேர்க்க வேண்டாம். புள்ளிக்கோடு போட்டும் வேண்டாம்.

அவர் நமக்கு உறவு என்கிற பேச்சு நம் வீட்டில் எப்படி முளைத்தது என்பதை நான் கூடவே இருந்து பார்த்தவள். 1996-ல் இலங்கை உலகக் கோப்பையை ஜெயித்தபோது நம் லைன் வீட்டு வரிசையில் ஒரு வீட்டில்தான் டிவி இருந்தது. எல்லாரும் அங்கேதான் கூடினோம். அப்போது பெரியம்மா முரளியைக் காட்டிச் சொன்னார், இந்தப் பையனின் தாத்தா திருச்சி ஜில்லாக்காரராம், நம்மைப் போலத் தோட்டத்துக்குப் போனவராம் என்று. அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கல்யாணத்தில் ஜில்லா ஊராகிவிட்டது. அதற்கடுத்த காதுகுத்தில் ஊர் தெருவாகிவிட்டது. 2010 ஜூலையில் காலியில் அவர் 800-ஆவது விக்கெட் எடுத்த அன்று நம் வீட்டுப் பிள்ளைகள் அவரை மாமா என்று சொல்லிக் குதித்தார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இலங்கையிலிருந்து திரும்பிய நம்மைச் சிலோன்காரங்க என்று ஒரு மாதிரி பார்த்த ஊரில், எங்கள் ஆள் என்று காட்ட ஒருவர் கிடைத்தார். அது பெரிய விஷயம். ஆனால் நீ போடுவது படம். நாளைக்கு உன் பேரப்பிள்ளைகள் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த செய்தி இவ்வளவுதான். தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920-ல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். பிற்காலத்தில் தன் பெண்மக்களோடு திரும்பி வந்து திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். மகன்கள் இலங்கையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவரான முத்தையா கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அவருடைய மகன்தான் முரளிதரன், 1972-ல் பிறந்தவர். நமக்கும் அந்த வீட்டுக்கும் பொதுவாக இருப்பது ஒரு ஜில்லாவின் பெயர். அதை வைத்து உறவு சொல்ல முடியாது.

பெயர் ஒத்துப்போகிறதே என்று நீ எழுதியிருக்கிறாய். துறையூர், முசிறி, நாமக்கல் பக்கம் எந்த ஊர் வாக்காளர் பட்டியலைப் பிரித்தாலும் பெரியசாமியும் சின்னசாமியும் இருப்பார்கள். அதோடு மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற வழக்கம் நமக்கு உண்டு. அதனால் ஒரே வீட்டில் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருக்கும். பெயரோடு ஊர், குலதெய்வம், காலம் மூன்றும் சேர்ந்தால்தான் இன்னார் என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

எச்சில் எடுத்து அனுப்பிய டிஎன்ஏ சோதனையில் டொராண்டோவில் இருக்கும் ஒருவர் உனக்கு நான்காம் சுற்று உறவு என்று வந்ததாக எழுதியிருந்தாய். அதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள், கணக்காகவே சொல்கிறேன். உனக்குப் பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அதற்கு மேலே 8. இப்படிப் பத்துத் தலைமுறை ஏறினால் 1,024. இருபதில் பத்து லட்சம் தாண்டும். முப்பதில் 107 கோடி. தலைமுறைக்கு 25 வருஷம் வைத்தால் அது 750 வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. அப்படியானால் ஒரே ஆள் பல இடத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். நம்மிடையே அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இருப்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். உன் அப்பாவும் அம்மாவும் முறைப்படி கட்டிக்கொண்டவர்கள். உனக்குப் பூட்டன் பூட்டி எட்டுப் பேர் இல்லை, ஆறு பேர்தான். எண்ணிப் பார். இப்படித் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிய சனத்தில் டிஎன்ஏ சோதனை எல்லாரையும் உண்மையான தூரத்தைவிடப் பக்கத்தில்தான் காட்டும். அந்த டொராண்டோக்காரர் நான்காம் சுற்று என்றால், ஏழாம் சுற்றோ எட்டாம் சுற்றோ பல வழியாகச் சேர்ந்து வந்திருக்கலாம்.

2004-ல் ரோடு, ஓல்சன், சாங் என்கிற மூன்று பேர் நேச்சர் இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இன்று உயிரோடு இருக்கும் அத்தனை மனிதருக்கும் பொதுவான ஒரு மூதாதை சில ஆயிரம் வருஷத்துக்குள்ளேயே இருந்திருக்க முடியும் என்று அவர்களுடைய மாதிரி காட்டியது. அப்படிப் பார்த்தால் முரளி நமக்கு உறவுதான். ராஜராஜ சோழனும் உறவாக இருக்கலாம், அவன் வீட்டில் மாடு மேய்த்தவனும் உறவாக இருக்கலாம். ஆகையால் பெரிய மனிதர் ஒருவர் உறவு என்பதில் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. நடுவில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி இணைத்துக்கொண்டு போக முடிகிறதா என்பதுதான் தேடல். அங்கேதான் நம்மைப் போன்றவர்களுக்கு வழி அடைக்கப்பட்டிருக்கிறது. எப்படி அடைக்கப்பட்டது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கமலா ஹாரிஸ் துணை அதிபராக நின்றபோது மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அவருடைய தாத்தா பி. வி. கோபாலன் ஊர் அது. கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் வரிசையில் கமலாவின் பெயரும் இருக்கிறது. அவர்களுக்கு வழி சுலபம். தாத்தா அரசாங்க அதிகாரி. உத்தியோக ஆணை, மாற்றல், பென்ஷன் என்று எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்திருக்கும். சௌமியமூர்த்தி தொண்டமான் வீட்டையும் பார். சிவகங்கைப் பக்கம் முனப்புதூரிலிருந்து ஏழையாகப் போன அவர் அப்பா கருப்பையா, பின்னால் வேவண்டன் தோட்டத்தையே வாங்கினார். 1913-ல் பிறந்த மகன் சௌமியமூர்த்தி இலங்கையில் அமைச்சரானார். சொத்து வந்த வீட்டில் பத்திரம் வரும், பத்திரம் வந்தால் வாரிசுகளின் பெயர் வரிசையாக நிற்கும். கூலிக்குப் போனவனுக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் ஒரு பேர், அதுவும் அன்றைய நாளுக்கு மட்டும்.

கடல் கடந்து கூலிக்குப் போனவர்களிலும் வித்தியாசம் உண்டு. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தத்தில் போனவர்களுக்கு, கப்பல் ஏறும்போதே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, தாலுகா, கிராமம், உடம்பு அடையாளம் எல்லாம் எழுதினார்கள். மனுஷனைச் சரக்காக எண்ணி எழுதியதுதான். ஆனாலும் அந்த எழுத்து இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது. மொரீஷியஸில் மோக்கா என்னும் ஊரில் இருக்கிற மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகளும் பலருடைய புகைப்படங்களும் இருக்கின்றன. அங்கே போய்ப் பூட்டன் பெயரைத் தேடி எடுத்து, இந்தியாவில் அந்தக் கிராமத்துக்கே வந்து நிற்கிறார்கள். இலங்கைக்குப் போனது கங்காணி வழி. கங்காணி ஊருக்கு வந்தான், முன்பணம் கொடுத்தான், சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனான். கணக்கு அவன் தலையில் இருந்தது, கடன் அவன் கையிலிருந்த துண்டுச் சீட்டில் இருந்தது. ஆளுக்குக் கழுத்தில் ஒரு தகர வில்லை கட்டினார்கள். அதில் இருந்தது எந்த வட்டாரம், எந்தத் தோட்டம் என்பதற்கான எழுத்தும் எண்ணும். எந்தக் கிராமத்திலிருந்து வந்தவன் என்று அதில் இல்லை.

அதன்பிறகு 1948 வந்தது. இதைத்தான் நீ முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு வம்சாவளி என்பது ஆசையாகச் செய்கிற வேலை. உன் தாத்தாவுக்கு அது பிழைப்பா, இல்லையா என்கிற கேள்வி. சுதந்திரம் வந்த அதே வருஷம் இலங்கை கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம் என்ன கேட்டது தெரியுமா? நீ இலங்கையில் பிறந்தால் போதாது. உன் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இரண்டு பேருமே அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குக் காகிதம் காட்ட வேண்டும். என் அப்பா தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத்து லைன் வீட்டில், பிறந்தவர். அவருடைய அப்பாவும் அதே தோட்டத்தில் பிறந்தவர். ஊரறிந்த விஷயம். கையில் எழுத்து இல்லை. தேயிலைத் தோட்டத்தில் கூலி வீட்டுப் பிரசவத்தை அந்தக் காலத்தில் யார் ஒழுங்காக எழுதி வைத்தார்கள்? எழுத்து இல்லாததால் என் தாத்தா பிறக்கவே இல்லை என்பது போல ஆயிற்று. அப்பாவுக்கு நாடு இல்லாமல் போனது. தோட்டத்து மக்கள் லட்சக்கணக்கானோருக்கு இதே கதிதான்.

இன்னொன்றையும் கவனி. சட்டம் கேட்டதெல்லாம் ஆண் வழி. தாய் எங்கே பிறந்தாள், தாயின் தாய் எங்கே பிறந்தாள் என்று அது கேட்கவே இல்லை. கொழுந்து கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறியவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்கள் பிறந்த இடத்துக்கு அந்தச் சட்டத்தில் மதிப்பு இல்லை. உன் அப்பா வைத்திருக்கும் என்னுடைய பழைய பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் பெயர், பிறந்த வருஷம், இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குக் கீழே பூட்டனாருக்கு ஒரு கட்டம். பாட்டிக்குக் கட்டம் கிடையாது. எனக்கு அந்த இரண்டு கட்டமும் வெறுங்கோடு.

1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்களைக் கேட்டவர் யாரும் இல்லை. ஒரே லயத்தில் அண்ணன் மனு இந்தியாவுக்கு, தங்கை மனு சிலோனுக்கு என்று போயிற்று. அப்பா கண்டியில் இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். சொந்த ஊர் எது என்று கேட்டபோது திருச்சி ஜில்லா, துறையூர் தாலுகா என்று சொல்லி ஒரு கிராமத்தின் பெயரையும் சொன்னார். அவர் பார்த்தே இராத ஊர். அவருடைய தங்கை, நாங்கள் ஹட்டன் அத்தை என்று சொல்கிறோமே, அவர் மாப்பிள்ளை வழியில் அங்கேயே நின்றார். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது எனக்கு விவரம் தெரிகிற வயது. ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து இந்த மலைக்கு அனுப்பினார்கள். வனத்துறை 1968-ல் எங்களைப் போலத் திரும்பியவர்களுக்காகத் தேயிலை போடத் தொடங்கியிருந்தது. அதுதான் பின்னால் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீ ஆயிற்று. பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் என்று நாம் இன்று வாயால் சொல்கிற ஊர்களில் சிலோன் வீடு இல்லாத இடம் குறைவு. காட்டை வெட்டிக் கன்று வைத்தவர்கள் உன் தாத்தாவும் அப்பாயியும்.

உன் படத்தில் எல்லாருக்கும் மேலே, நடுவில், பாஸ்போர்ட்டில் இருந்து எடுத்த அந்த ஓட்டன் பெயரைப் போட்டிருக்கிறாய். அவர்தான் முதலில் கடல் தாண்டியவர் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்துக்கு அது சரி. ஆனால் என் அம்மா வழி, அதாவது உன் அப்பாயி வழி, படத்தில் ஒரே ஒரு பெட்டியோடு நின்றுபோயிருக்கிறது. கீழே குறிப்பில் 'விவரம் இல்லை' என்று போட்டிருக்கிறாய். விவரம் இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் அம்மாயி 1980-களில் இங்கேதான், பழைய லைன் வீட்டில் இறந்தார். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். அன்று ராத்திரி அம்மா ஒப்பாரி சொல்லி அழுதார். நீ ஒப்பாரி கேட்டு வளராத பிள்ளை, அதனால் சொல்கிறேன். ஒப்பாரியில் அழுகை மட்டும் இருக்காது. இறந்தவள் பிறந்த வீடு எது, அந்த வீட்டு வாசல் எந்தப் பக்கம், தண்ணீர் எடுத்த கிணறு எது, அவளைப் பெற்றவள் யார், பெற்றவளைப் பெற்றவள் யார் என்று பெண் வழியாகவே மேலே ஏறிக்கொண்டு போவார்கள். பெயர் தப்பினால் பக்கத்தில் இருக்கிற கிழவி திருத்துவாள். தோட்டத்தில் பிறந்து எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் தங்கள் வம்சாவளியை அப்படித்தான் காப்பாற்றினார்கள். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-ல் பிறந்து, 1947-ல் தலவாக்கலைக்கு எம்.பி. ஆன சி. வி. வேலுப்பிள்ளை இந்தப் பாட்டுகளின் அருமை தெரிந்து தேடித் தேடிச் சேகரித்தவர். ஒவ்வொரு தோட்டத்துக்கும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் இன்று நாம் இவ்வளவு தட்டுத்தடுமாற வேண்டியதில்லை.

விடிகாலையில் பெண்கள் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், அம்மா சொன்னதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கங்களை இதோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அதன்படி என் அம்மாயியின் அம்மா முசிறிக்கு மேற்கே காவிரிக்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். பதினெட்டு வயதுக்குள் இரண்டு பிள்ளை, தாலி அறுத்துவிட்டாள். புருஷன் வீட்டில் சோறு இல்லை, பிறந்த வீட்டில் அண்ணி விடவில்லை. கங்காணி ஒருவன் ஆள் சேர்க்க வந்தபோது, கூட வர ஆண் துணை யார் என்று அவன் கேட்டானாம். இடுப்பில் இருக்கிற குழந்தையைக் காட்டினாளாம். அந்தக் குழந்தை பையன், வழியிலேயே போய்விட்டான். கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பெண் பிள்ளைதான் என் அம்மாயி. பாம்பன் பாலம் வந்த புதிது என்பதால் மண்டபத்தைத் தாண்டியும் ரயில் இருந்திருக்கிறது. கழுத்தில் வில்லை கட்டியதும் பாட்டில் வருகிறது. அக்கரையில் இறங்கும்போது அவள் பேரில் கடன் இருந்தது. கடனைத் துண்டுச் சீட்டில் எழுதும் அந்த முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதற்குள் அவள் கவ்வாத்து வெட்டுகிற இடத்தில் விறகு பொறுக்கியும் கொழுந்து பறித்தும் கடனைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தாள் என்று அம்மா சொல்வார்.

ஓட்டன் கடல் தாண்டியதற்கு ஒரு கங்காணிக் கூட்டம், நாலு பங்காளி, ஊர்த் துணை எல்லாம் இருந்தது. இவளுக்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்த அளவில் நம் வீட்டில் தைரியத்துக்கு இவளுக்கு மேலே ஆள் கிடையாது. நீ ஆசையோடு தேடுகிற பெரிய மனிதர் இவளாக இருக்கட்டுமே. இவளுக்கும் உனக்கும் நடுவே மூன்றே பெயர்தான். மூன்றும் தெரிந்தவை.

நான் ஓய்வு பெற்ற பிறகு மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்த இரண்டு ஊருக்கும் போய் வந்தேன். துறையூர்ப் பக்கத்து ஊரில் பங்காளி என்று சொல்லத்தக்க ஒரு குடும்பம் இருந்தது. காபி கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு நிலத்தின் பக்கம் போயிற்று. பங்கு கேட்டு வந்திருக்கிறோமோ என்ற பயம். திரும்பி வந்தவர்களில் பலருக்கும் இதே அனுபவம்தான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்த அரை ஏக்கர்தான் அவர்களுக்குச் சோறு. குலதெய்வம் எது என்று மட்டும் கேட்டேன். உடனே சொன்னார்கள். உன் தாத்தா லயத்துக்குப் பின்னால் கல் நட்டுக் கும்பிட்டு வந்த அதே சாமியின் பெயர்! அதை நீ படத்தில் ஓட்டன் பெயருக்குப் பக்கத்தில் எழுதலாம், தைரியமாக எழுதலாம். முசிறிப் பக்கத்து ஊரில் யாரும் அகப்படவில்லை. பாட்டில் சொன்ன கிணறு மட்டும் இருந்தது, பயன்பாட்டில் இல்லை.

இப்போது முரளிக்குத் திரும்பி வருகிறேன். அவர் நமக்கு ரத்த உறவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அந்த வீட்டுக் கதையைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். தாத்தா பெண்களைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு வருகிறார், ஆண்பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள். நம் வீட்டில் அப்பா இங்கே, தங்கை அங்கே. அதன்பிறகு அண்ணன் தங்கை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை. 1984-ல் கப்பலும் நின்றுவிட்டது. உலகம் முழுக்கக் கொண்டாடுகிற ஒரு மனிதரின் குடும்பமும் நம் குடும்பம் கிழிந்த இடத்திலேயே இரண்டாகியிருக்கிறது. அவர் பந்து போடும்போது பெரியம்மா கண்ணீர் விட்டதற்குக் காரணம் கிரிக்கெட் என்று நான் நினைக்கவில்லை. பெரியம்மாவுக்குக் கிரிக்கெட் தெரியாது. எம்.ஜி.ஆர். 1917-ல் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதற்காக அப்பா அவர் படத்தைச் சாமி படத்தோடு மாட்டியிருந்தாரே, அதுவும் இதே பாசம்தான். இவற்றை வம்சாவளிப் படத்தின் ஓரத்தில் தனியாக ஒரு குறிப்பாக எழுது. பெரியம்மா இப்படிச் சொல்வார், இன்ன வருஷத்திலிருந்து இந்தப் பேச்சு இருக்கிறது என்று எழுது. கோடு மட்டும் இழுக்காதே.

படத்தில் இன்னும் சில திருத்தம். கட்டிக்கொடுத்த பெண்களை எல்லாம் 'மகள்' என்று மட்டும் போட்டு விட்டிருக்கிறாய். ஒவ்வொருத்திக்கும் பெயர் போடு, எந்தத் தோட்டத்துக்குப் போனாள் என்றும் போடு. குழந்தையிலேயே இறந்த பிள்ளைகளையும் சேர். அம்மாயியின் தம்பி, அந்தக் கைக்குழந்தை, அவனுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள், நோட்டில் இருக்கிறது. என் தம்பி ஒருவன் மண்டபம் முகாமில் காய்ச்சலில் போனான். உன் அப்பா அதைப் பேச மாட்டார், நீ கேட்கவும் வேண்டாம், நான் எழுதித் தருகிறேன். முறை மாறிக் கட்டிக்கொண்டு போன சித்தியை யாரோ சொல்லி நீக்கியிருக்கிறாய் போலிருக்கிறது. அவளையும் அவள் பிள்ளைகளையும் சேர்த்துவிடு, சத்தம் வந்தால் அத்தை சொன்னாள் என்று சொல்.

இங்கேயும் காகிதங்கள் தொலைந்துபோய்க்கொண்டிருக்கின்றன. டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு ஆணை வந்தது. வேலை முடிந்தவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்ததும் பல வீட்டில் பயந்துவிட்டார்கள். வீடு மாறும்போது முதலில் தூக்கிப் போடுவது பழைய பெட்டியைத்தான். குடும்ப அட்டை, பாஸ்போர்ட், தோட்டத்துப் பற்றுச்சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் லைனில் அப்படி மழையில் கிடந்த இரண்டு பாஸ்போர்ட்டை நான் எடுத்து உலர்த்தி உரியவர்களிடம் கொடுத்தேன். நீ லீவில் வரும்போது அந்த ஸ்கேன் எடுக்கிற கருவியைக் கொண்டு வா. நம் வீட்டுக்கு மட்டும் இல்லை, கேட்கிற எல்லா வீட்டுக்கும் எடுத்துக் கொடுப்போம். சேரம்பாடியில் தொண்ணூறு வயதுக்கு மேல் ஒரு பாட்டி இருக்கிறார், ஏழு தலைமுறை சொல்வார். பெண் வழியில்தான் சொல்வார். சாதாரணமாகச் சொல்லக் கேட்டால் நின்றுவிடும், அழுதால்தான் வரும் என்கிறார்கள். அவரை அழவைக்க நான் விரும்பவில்லை. மெல்லப் பேச்சுக் கொடுத்து வருகிறேன்.

கடைசியாக ஒரு வேலை, இதைத் தள்ளிப் போடாதே. ஹட்டன் அத்தைக்கு இந்த ஆவணி வந்தால் எண்பத்தாறு. 2003-ல் அங்கே சட்டம் வந்த பிறகுதான் அவருடைய மூத்த மகனுக்கே குடியுரிமைத் தகராறு தீர்ந்தது. அத்தைக்கு என் அம்மா சொன்னதில் பாதியாவது தெரியும், அப்பா வழிப் பாட்டு தனியாகவும் தெரியும். என் அப்பாயி பிறந்த ஊர் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். காது மந்தம், சாயங்காலம் பேசினால் களைத்துவிடுவார். காலை பத்து மணிக்குள் வாட்ஸ்அப்பில் கூப்பிடு, பேத்தி போனைப் பிடித்துக்கொள்வாள். நீ யார் என்று முதலில் சத்தமாகச் சொல், பந்தலூர் அண்ணன் பேத்தி என்று சொன்னால் புரிந்துகொள்வார். கேள்வி கேட்டுக்கொண்டே இருக்காதே, பேச விடு, பதிவு செய்துகொள். என்ன சொன்னார் என்று எனக்கு உடனே தெரிவி.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அத்தை